பதினோரு தட்டு

துணி விரிக்கும்போது வெளியாள் கை படக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். நான் அங்கே பதினெட்டு வருஷம் பட்டன் நுழையக் காஜா எடுத்திருக்கிறேன், பட்டன் வைத்திருக்கிறேன், மத்தியானச் சோற்றை ஒரு நாள் தவறாமல் தின்றிருக்கிறேன். விரிப்பு மேசையின் ஓரத்தை மட்டும் தொட்டதில்லை. ஒருமுறை துணி நழுவுகிறதே என்று ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். "காஜாக்கா, நீங்க விடுங்க, வீட்டு ஆளுங்க இருக்கோம்ல" என்றார் பெரியவர். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கும் நினைத்தால் சுருக்கென்கிறது.

மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று குடும்பம், ஒரே அடுப்பு. கீழே நீளமான கூடம் முழுக்கத் தையல், மாடியில் குடித்தனம். பள்ளிக்கூடச் சீருடைதான் தொழில். மூத்தவரைத் தெருவே 'டேப்பு' என்று சொல்லும். குளித்துவிட்டு வந்தால் சட்டைக்கு முன்னால் கழுத்தில் டேப்பைத்தான் மாட்டுவார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார். நான் பெரியவர் என்றே சொல்கிறேன். அந்த மனைவி பெரியக்கா, அடுக்களை அவர் ராஜ்யம். அவர்களுக்கு ஒரு மகன், ஒரு மருமகள். நடுத்தம்பி மிஷின்களைப் பார்த்துக்கொள்வார், அவர் மனைவி நடு அண்ணி இஸ்திரி போடுவாள், அவர்களுக்கு இரண்டு பெண்கள். கடைசித் தம்பி சின்னவர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். அவர் மனைவி சின்னவள். துணி வெட்டுவது அவள்தான்.

ஆக வீட்டு ஆள் பத்து. மத்தியானம் என்னையும் சேர்த்துப் பதினோரு தட்டு.

விரிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முப்பதடி மேசை. அதன்மேல் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக அறுபது அடுக்கு போடவேண்டும். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி போட்டால்தான் இடது கையும் வலது கையும் ஜோடியாக வரும். அந்தக் கோடியில் இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள், இந்தக் கோடியில் இரண்டு பேர், நடுவில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் நின்று உள்ளங்கையால் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அடுக்கு ஏறி முடிந்ததும் எடைக்கல்லை வைத்து, மேலே அளவு அட்டையை வைத்துச் சாக்கால் கோடு போட்டு, சின்னவள் வெட்டு மிஷினைப் பிடிப்பாள். கத்தி நிமிர்ந்து நின்று ஓடும். கீழ் அடுக்கு ஒரு விரக்கடை நகர்ந்தால் போச்சு, அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு கை குட்டை. அதனால் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் இருக்கவேண்டும். பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டார்கள், துணி மட்டும் அங்குமிங்கும் போய்வரும்.

"கூலிக்கு வர்றவன் கடிகாரத்தப் பார்ப்பான் காஜாக்கா, வீட்டு ஆளு துணியப் பார்ப்பான்" என்பார் பெரியவர்.

நல்ல மனுஷன்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பிடித்துக் கூடவே வந்தவர். அதுதான் வயிற்றெரிச்சலே. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அந்த வீட்டில் சண்டையே கிடையாது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். சண்டை எப்படி வரும், எதையாவது பேசினால்தானே? சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. பத்து வருஷமாக அதைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. நடுத்தம்பிக்குத் தனி மிஷின் போட ஆசை, பேசமாட்டார். மருமகளுக்குத் தனி அடுப்பு வேண்டும், பேசமாட்டாள். எல்லாரும் எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொள்வார்கள்.

வெட்டு நடக்கும்போது யாரும் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது. கவனம் சிதறும். எல்லார் போனும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். டப்பா பெரியவர் மேசைமேல் இருக்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. கூடத்தில் பட்டப்பகலில் குழல் விளக்குப் போட்டிருந்தது. அறுநூறு சட்டை சாயங்காலத்துக்குள் வெட்டி முடித்தாகவேண்டும். டப்பாவுக்குள் ஒரு போன் அடித்தது. பெரியவர் எடுத்துப் பார்த்தார், சின்னவளுடையது. அவர்தான் பேசினார். "ம்… ம்… எப்பலேர்ந்து?… சரி சரி, சொல்றேன்." வைத்துவிட்டார். கத்தி ஓடும் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முதுகு எங்களுக்குத் தெரிந்தது.

பெரியவர் இஸ்திரி மேசைப் பக்கம் வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னார். "அவ அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். இவளத்தான் கேக்குதாம்."

"ஐயையோ, கூப்பிடுங்க" என்றாள் நடு அண்ணி.

"இரு. கையில மிஷின் இருக்கு. இப்ப சொன்னா கை நடுங்கும், விரலு போயிடும். இந்த அடுக்கு முடியட்டும்."

சரியாகத்தானே சொல்கிறார் என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சின்னவர் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அடுக்கு முடிந்தது. அடுத்த துணியை எடுத்துக் கோடியில் போட்டார் பெரியவர். எட்டுப் பேரும் போய் நின்றார்கள். அவளும் நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, துணி போய்வந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. "வெறும் வயித்தோட எப்படி அனுப்பறது, ரெண்டு மணி நேர பஸ்ஸு, சாப்பிடட்டும்" என்று பெரியவர் அடுக்களையில் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. பதினோரு பேரும் உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். பெரியக்கா சின்னவள் தட்டில் மட்டும் வறுவலை இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டார். பெரியவர் மகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே தண்ணீர் ஊற்றினான். அவளுக்கு ஆச்சரியம். "என்ன இன்னைக்கு எனக்குப் பொறந்த நாளா?" என்றாள்.

அப்போது ஒரு மௌனம் விழுந்தது பாருங்கள், அது எனக்குத் தாங்கவில்லை. மௌனம் விழுந்தால் எதையாவது உளறுகிறது என் சுபாவம். "எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப சட்டையில ஒரு பட்டன் லூசா இருந்தா தெருவே கூடற மாதிரி கத்துவார். இப்ப படத்துல இருக்காரே, அதுல ரெண்டாவது பட்டனே இல்ல. ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்கிட்டிருக்கார்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள்தான் ரொம்பச் சிரித்தாள். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, என் தோளில் ஒரு அடி அடித்தாள்.

மூன்றரை மணிக்குக் கடைசி அடுக்கு முடிந்தது. பெரியவர் டப்பாவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார். "ஏம்மா, இப்பதான் உங்க அண்ணன் பேசினான். அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலயாம். போயிட்டு வந்துடு." சின்னவரும் கூடக் கிளம்பினார். மழையில் ஒரே குடையில் ஓடினார்கள்.

பஸ்ஸில் அவள் போனைத் திறந்து பார்த்திருக்கிறாள். அண்ணனிடமிருந்து வந்த அழைப்பு, பத்து நாற்பது. பேசிய நேரம் இரண்டு நிமிஷம். புருஷன் முகத்தைப் பார்த்தாளாம். அவர் ஜன்னலைப் பார்த்தாராம்.

அம்மா போனது மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு மணிவரை வாசலைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்துத்தான் அவள் வந்தாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். கூடமே இரண்டுபடும், மேசையைக் கவிழ்ப்பாள் என்றெல்லாம். அவள் பையை மாடியில் வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து மிஷினைத் துடைத்தாள். "மாமா, எத்தனை அடுக்கு?" என்றாள். அவ்வளவுதான். பெரியக்கா என்னிடம் வந்து, "தங்கமான பொண்ணு காஜாக்கா, புரிஞ்சுக்கிட்டா" என்று பெருமூச்சு விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரிந்துகொண்டாளாம்!

ஒரு வாரம் இருக்கும். காஜா எடுத்த சட்டைகளை வாங்கிக்கொள்ள என் ஜன்னலோரம் வந்தாள். குனிந்து எண்ணிக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க சொன்ன ஜோக்கு நல்லா இருந்துச்சுக்கா."

ஊசி விரலில் ஏறிவிட்டது. "ஏம்மா… நான் வெளியாளு. உங்க குடும்பத்துல நான் எப்படி வாயத் தொறக்கறது?"

"குடும்பத்து ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். வெளியாளு நீங்கதானே சொல்லியிருக்கணும்? உங்க வாய யாரு கட்டினா?"

"மன்னிச்சுக்க தாயி."

"மன்னிக்க மாட்டேன்" என்றாள். கோபமே இல்லாமல், கடைக்காரனிடம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அம்மா செத்தது போகட்டும்கா. வயசாச்சு, போயிட்டா. அவ வாசலப் பார்த்துக்கிட்டு கெடக்கறா, நான் இங்க வாயில வறுவல வெச்சுக்கிட்டு சிரிக்கறேன். சுத்தி பத்துப் பேரு. ஒவ்வொருத்தருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அந்தச் சிரிப்ப நெனச்சா எனக்கு என் வாயையே கிழிச்சுக்கணும் போல இருக்கு."

"என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பெருசா இல்ல. அவரு சாக வேண்டாம், நொடிஞ்சு போக வேண்டாம். நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கணும். சுத்தி எல்லாரும் உக்காந்திருக்கணும். எல்லாருக்கும் தெரியணும், அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. ஒரு நாளு இல்ல. மாசக்கணக்கா." சட்டைகளை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீங்க இத அவருகிட்ட சொல்லலாம். சொல்லுங்க. அன்னைக்குத் தொறக்காத வாய் இன்னைக்குத் தொறந்தா, நான் பாத்துக்கறேன்."

நான் சொல்லவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். உள்ளுக்குள் எனக்கும் ஆசையாக இருந்தது.

முதலில் புருஷனிடம் ஆரம்பித்தாள். அவர் அழுதாராம். "அழறத நிறுத்திட்டு எடம் பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட ஒரு பழைய கிடங்கு காலியா இருக்கு" என்றாளாம். குற்ற உணர்ச்சியில் கிடந்த மனுஷன் சொன்னதையெல்லாம் செய்தார். அடுத்தது நடுத்தம்பி. "நடு மாமா, உங்க கிட்ட மட்டும்தான் சொல்றேன், யாருக்கும் தெரிய வேண்டாம். நாங்க தனியா போறோம். மிஷின் பக்கம் முழுக்க உங்க பொறுப்பு, வர்றீங்களா?" அவர் இரண்டு நாள் தூங்கவில்லை, மூன்றாம் நாள் சரி என்றார். அடுத்தது மருமகள். "உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன் கண்ணு. ஒனக்குத் தனி அடுப்பு." அவள் ராத்திரியோடு ராத்திரியாகப் புருஷனிடம் சொல்லியிருப்பாள் என்று சொல்லவேண்டுமா? நடு அண்ணியிடம் தனியாக, பெண்கள் இருவரிடமும் தனித்தனியாக. ஒவ்வொருவரிடமும் 'உங்க கிட்ட மட்டும்தான்'. அந்த வீட்டு ஆட்களிடம் ஒரு விஷயத்தைக் கொடுத்தால் போதும், பூட்டே வேண்டாம்.

மகனுக்கு மட்டும் மனசு ஆடியது. அப்பாவாயிற்றே. என் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "காஜாக்கா, தப்போ?" என்று கேட்டான். அன்று காலைதான் பெரியவர் வாடிக்கைக்காரர் முன்னால் அவனை, "இவனுக்கு முழமும் தெரியாது சாணும் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். தினம் சொல்லுவதுதான். நான் அதை நினைவுபடுத்தினேன். நினைவுபடுத்தியிருக்க வேண்டாம். ஆனால் படுத்தினேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்துபோயிற்று. பெரியவர் அன்று குஷியாக இருந்தார். கீரையைப் பிசைந்துகொண்டே, "அடுத்த வருஷம் மேசைய நாப்பது அடி ஆக்கிடலாம்னு பாக்கறேன்டா. பின்பக்கச் சுவத்த இடிச்சா போதும். நம்ம கையில ஆளுக்கு என்ன பஞ்சம்?" என்றார்.

நடுத்தம்பி தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். மருமகள் நடு அண்ணியைப் பார்த்தாள். பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்கள். ஒரு சுற்று பார்வை ஓடி முடிந்தது. அடப்பாவிகளா, உனக்கும் தெரியுமா, உனக்கும் தெரியுமா என்று. சின்னவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது அடி வேணும் மாமா. ஒரு விரிப்புல இன்னும் நிறைய சட்டை விழும்" என்றாள். எழுந்து போய் அவருக்குத் தானே இன்னும் கொஞ்சம் கீரை பரிமாறினாள்.

"பாத்தியா, இவளுக்குத்தான் தொழிலு புரியுது" என்று அவர் பெருமையாகச் சாப்பிட்டார். நான் என் வாழ்க்கையில் ஒரு மனுஷனை அப்படித் தின்னப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டதும் இல்லை, அத்தனை கூசிப்போனதும் இல்லை.

நான்கு மாசம் இப்படி. தினமும் அவர் எதையாவது ஆசையாகப் பேசுவார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். மேசைக்கு மரம் பார்த்துவிட்டு வந்தார். பெண்களுக்கு மாடியில் தனி அறை கட்டப்போவதாகச் சொன்னார். கடைசியில் பெரியக்காவுக்கும் தெரிந்தது, மகன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் பரிமாறும்போது கரண்டி தட்டில் மோதி மோதிச் சத்தம் வந்தது. "என்னடி, கை நடுங்குது?" என்று பெரியவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, வயசாகுதுல்ல" என்றார் பெரியக்கா.

பெரியவர் மில்லுக்குத் துணி எடுக்கப் போன நாளில் கிளம்பினார்கள். காலை எட்டு மணிக்கு அவர் பஸ் ஏறினார், ஒன்பதுக்கு வேன் வந்தது. மிஷின்கள், இஸ்திரிப் பெட்டிகள், பாய் தலையணை எல்லாம் ஏறின. மேசை, வெட்டு மிஷின், பெரியவருடைய சாமான் எதையும் சின்னவள் தொடவில்லை. அவருடைய தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

பெரியக்கா போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நானும் மிச்சமிருந்த பட்டன்களை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். இருந்து பார்க்கவேண்டும் என்றுதான் இருந்தேன், வேறு சாக்குச் சொல்ல மாட்டேன்.

நாலு மணிக்கு வேனில் துணிக்கட்டோடு வந்து இறங்கினார். வாசலில் நின்றே கூப்பிட்டார். "டேய், வாங்கடா, இறக்குங்க! நடுவுலவனே! சின்னவனே!" வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே வந்தார். மிஷின் இருந்த இடங்களில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நின்று பார்த்தார். களவு போய்விட்டதென்றே முதலில் நினைத்தார் போலிருக்கிறது, "போலீசுக்கு…" என்று ஆரம்பித்தார்.

"போலீசு வேண்டாம். போயிட்டாங்க" என்றார் பெரியக்கா. "தனியா கடை வெக்கறாங்க. நம்ம பையனும் போயிட்டான்."

அவர் உட்காரவில்லை. டேப்பின் இரண்டு முனையையும் கைகளில் பிடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா பேச்சு நடக்குது?"

"நாலு மாசமா."

"யாரு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?" என்று பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டார். "தெனம் எங்கூட உக்காந்து சாப்பிட்டாங்களேடி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன்.

மறுநாள் காலையில் போனபோது அவர் ஒரு கோடியில் துணியைப் போட்டு, அதன்மேல் எடைக்கல் வைத்துவிட்டு, மறு கோடிக்கு நடந்து இழுத்துக்கொண்டிருந்தார். கல் நகர்ந்து கீழே விழுந்தது. மறுபடி நடந்து போய் வைத்தார். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பெரியக்காவுக்கு மூட்டுவலி, நிற்கமுடியாது. கடைசியில் அவர் மூச்சிரைக்க என்னைப் பார்த்தார்.

"காஜாக்கா. கொஞ்சம் இந்த முனையப் பிடிக்கறீங்களா?"

"நான் வெளியாளு ஆச்சே" என்றேன்.

சொன்னதும் நாக்குக்கு இனித்தது. ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பிடித்த மனுஷனிடம்தான் சொன்னேன், அது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

கிடங்கு நன்றாகத்தான் இருந்தது. தகரக் கூரை, வெயில் கொளுத்தும், மழை பெய்தால் ஒரே இரைச்சல். சின்னவள் ஒரு மேசை அடித்து, வெட்டு மிஷினும் பழைய வேன் ஒன்றும் வாங்கினாள். வேலை வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு வெட்டு யார் கை என்று தெரியும், பின்னாலேயே வந்துவிட்டன. ஒரே அடுப்பு இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. ஆனால் மத்தியானம் எல்லாரும் கொண்டுவந்ததைச் சேர்த்து வைத்து ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். இரண்டு தட்டு குறைந்து ஒன்பது.

போன் டப்பா கிடையாது. எல்லார் போனும் மேசைமேல் முகம் தெரிகிற மாதிரி வரிசையாகக் கிடக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சோற்றில் கைவைக்கும் முன் சின்னவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"எனக்கு ஏதாவது சேதி இருக்கா?"

யாருக்கும் புரியவில்லை. அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். "நடு மாமா?" "இல்லம்மா." "அக்கா?" "இல்ல." "நீ?" "இல்ல சித்தி." புருஷனையும் கேட்டாள். என்னையும் கேட்டாள். எட்டு 'இல்ல' வாங்கிக்கொண்டுதான் முதல் கவளத்தை எடுத்தாள்.

அன்றோடு போகும் என்று நினைத்தேன். தினமும் கேட்டாள். கேட்டுவிட்டு நம்பினாளா என்றால் அதுவும் இல்லை. இல்ல என்று சொல்கிறவர்களின் முகத்தை அளவெடுக்கிற மாதிரி பார்ப்பாள். பெண்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரித்தால் கை நின்றுவிடும். "என்ன அது, சொல்லுங்க." "சினிமா சித்தி." "எந்தச் சினிமா?" நானும் ஜோக்குச் சொல்வதை விட்டுவிட்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை என்பது, யாரும் சொல்லாமலேயே வழக்கமாகிவிட்டது. சொல்லாமலேயே எல்லாம் நடத்துகிற கூட்டம்தானே.

"வேண்டியது நடந்துடுச்சே, இன்னும் என்னம்மா?" என்று ஒரு நாள் தனியாகக் கேட்டேன்.

"நடந்துச்சுக்கா. அந்த நாலு மாசமும் எனக்கு ஒவ்வொரு சோறும் இனிச்சுது" என்றாள். "ஆனா பாருங்க, நாலு மாசம் ஒருத்தர் மூஞ்சிலயும் ஒரு சுருக்கம் காட்டாம உக்காந்திருந்தாங்க. இவ்வளவு கெட்டிக்காரங்கன்னு எனக்கே தெரியாது. இவங்களத்தான் நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

ஒன்றரை வருஷம் இருக்கும். மழைக்காலம். காலையில் மூட்டம் போட்டிருந்தது, சாப்பாட்டு நேரத்துக்குச் சடசடவென்று தகரத்தில் பிடித்துக்கொண்டது. நான் கை கழுவ வெளியே போனேன். பெரியவர் மகன் கூரைச்சாரலில் நின்று போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். "எந்த ஆஸ்பத்திரிம்மா?… அழாதம்மா" என்றான். என்னைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தினான். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போய்ச் சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னான். நடுத்தம்பி அவன் கையை அழுத்தினார். "இரு, சாப்பிட உக்காந்தாச்சு. அவ மனசு எப்படின்னு பாத்துக்கிட்டு பக்குவமா சொல்லலாம்" என்று அவர் சொன்னது பின்னாலேயே வந்த என் காதில் விழுந்தது. அவர் மெதுவாகத் தன் மனைவியிடம் சொன்னார், அவள் மருமகளிடம் சொன்னாள். ஒன்பது தட்டும் வைத்தாயிற்று. உட்கார்ந்தார்கள். முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சின்னவள் நிமிர்ந்தாள். "எனக்கு ஏதாவது சேதி இருக்கா?"

"இல்லம்மா" என்றார் நடுத்தம்பி.

"இல்ல" என்றாள் நடு அண்ணி.

அவள் பெரியவர் மகனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். "இல்ல சித்தி."

என் முறை வந்தது. "இருக்கு" என்றேன். "பெரியக்கா இப்பதான் போன்ல பேசினாங்க. பெரியவருக்கு என்னவோ ஆயிருக்கு."

சின்னவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நன்றி என்றெல்லாம் எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"எப்ப வந்துச்சு?"

"பத்து நிமிஷம் ஆச்சு சித்தி."

"என்ன சொன்னாங்க?"

"தனியா துணிய இழுத்திருக்கார். வழுக்கி விழுந்து, மேச முனை தலையில அடிச்சிருக்கு. நினைவு வர்றதும் போறதுமா இருக்காம். நம்ம எல்லாரையும் கேக்கறாராம்." அவன் குரல் உடைந்தது. "சித்தி, சின்ன சித்தப்பா வேன எடுத்தா அரைமணியில போயிடலாம். உங்களத்தான் ரொம்பக் கேக்கறாராம்."

சின்னவர் சாவிக்குச் சட்டைப் பையைத் தடவினார். மகன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காரு" என்றாள் சின்னவள்.

"சித்தி…"

"அன்னைக்கு நீ என் பக்கத்துலதான் உக்காந்திருந்த. தண்ணிகூட ஊத்தின." சோற்றில் பருப்பை ஊற்றி நிதானமாகப் பிசைந்தாள். "வெறும் வயித்தோட எப்படிப் போறது? சாப்பிடுங்க எல்லாரும்."

அவன் நின்றான். சித்தப்பாவைப் பார்த்தான், பொண்டாட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது, அப்பன் அவனுடைய அப்பன். அவன் உட்கார்ந்தான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவள் ஒருத்திதான் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமாக உருட்டி, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தாள். வழக்கமாகக் கொறித்துவிட்டு எழுகிறவள். அன்று தட்டை வழித்துக் காலிசெய்தாள். மேசைமேல் மகனுடைய போன் வெளிச்சம் போட்டு அடித்தது, அம்மா என்று இருந்தது. யாரும் கையை நீட்டவில்லை. அடித்து அடித்து நின்றது.

சின்னவள் தட்டை நடு அண்ணி பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

போட்டாள்.